எட்டு மடிப்பு நாற்காலியும் ஏழு கூட்டங்களும்

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவருக்கும் அதே கதிதான். காரணம் வேறொன்றுமில்லை. அந்தக் கூட்டங்களில் நடவடிக்கைக் குறிப்பு எழுத ஒரு பொறுப்பான ஆள் இல்லாமல் போய்விட்டது. மனிதகுலத்தின் மூன்றாவது மாபெரும் கண்டுபிடிப்பான எட்டு மடிப்பு நாற்காலிக்கு அந்த அவலம் நேரவில்லை. நான் இருந்தேன்.

எங்களுடையது இரும்புப் பட்டறை. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் ஆனது. உடனே பட்டறை ‘வடிவமைப்பு நிறுவனம்’ ஆகிவிட்டது. மாப்பிள்ளை ‘வடிவமைப்புத் தலைவர்’ ஆனார். பில் போடுவதோடு ஒன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பும் எழுதிவந்த நான் ‘ஆவணப் பொறுப்பாளர்’ ஆனேன். வாய் நிறைய அப்படிக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாததால் ‘குறிப்பு சார்’ என்றே நின்றுவிட்டது. வெட்டுவது, பற்றவைப்பது, மடக்குவது, கோணிப்போனதைத் தட்டி நிமிர்த்துவது என்று எல்லாவற்றையும் பதினோரு வருடமாகப் பார்த்துவரும் ஃபிட்டர் அக்கா மட்டும் ஃபிட்டர் அக்காவாகவே இருந்தார். எல்லோரும் உயர்ந்துவிட்டால் இரும்பை யார் தூக்குவது?

மாப்பிள்ளை தங்கமான மனிதர். ஒரே ஒரு விசேஷம், அவர் செய்ததைத் தப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. இதை அவர் சொன்னதில்லை, முதலாளிதான் சொன்னார். கல்யாணமான புதிதில் முதலாளி ஒருநாள், “மாப்பிள்ளை, அந்தக் கேட் உள்பக்கமா இல்ல திறக்கணும்?” என்று கேட்டுவிட்டாராம். அன்று சாப்பாட்டில் மாமியார் இரண்டாம் முறை பரிமாறப் போனபோது மாப்பிள்ளை தட்டைக் கையால் மறைத்தார். வயிறு சரியில்லை என்று அவர் சொன்னதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. இது மாப்பிள்ளை முறுக்குதான் என்று ஏகமனதாக முடிவு கட்டப்பட்டது. மறுநாள் காலை பட்டறைக்கு உத்தரவு வந்தது.

“இனிமே மாப்பிள்ளைகிட்ட யாரும் ‘இல்ல’ன்னு ஆரம்பிச்சுப் பேசக் கூடாது.”

“‘இல்ல’ன்னு சொல்ல வேண்டி வந்தா, ஐயா?” என்று அக்கா கேட்டார்.

“‘ஆமா’ன்னு ஆரம்பிச்சு அப்படியே நிறுத்திக்கோ.”

இனி கண்டுபிடிப்புக்கு வருகிறேன். சதுரக் குழாய் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் தகடு, நடுவே காற்று. மடக்க வேண்டிய இடத்தில் மூன்று பக்கங்களை லேசரால் முக்கோண வாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, நாலாவது பக்கத்தை மட்டும் விட்டுவைத்தால், அந்த இடத்தில் இரும்பைக் கையாலேயே மடக்கலாம். பற்றவைக்க வேண்டாம், மெஷின் வேண்டாம். பதின்மூன்றரை அடிக் குழாயில் இப்படி எட்டு இடத்தில் வெட்டி, எட்டையும் மடக்கினால், இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று தேடி வந்து கவ்விக்கொள்ளும். நாற்காலிச் சட்டம் தயார். மேலே பலகை வைத்தால் உட்காரலாம். குழாய் நேராகவே வாங்குகிறவர் வீட்டுக்குப் போகும், அவரே மடக்கிக்கொள்வார். யோசனை உண்மையிலேயே அருமையானது. இதை மட்டும் நான் கிண்டலில்லாமல் சொல்கிறேன்.

மூன்று வார வகுப்பில் கற்ற டிசைன் சாஃப்ட்வேரில் மாப்பிள்ளை அதை மூன்றே நாளில் வரைந்து முடித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். தகட்டின் கனத்தைச் சொன்னால் போதும், மடங்கும்போது அது எவ்வளவு நீளும் என்பதைக்கூட சாஃப்ட்வேரே கணக்குப் போட்டது. ‘விரி’ என்று ஒரு பட்டன், ‘மடக்கு’ என்று ஒரு பட்டன். ‘மடக்கு’வை அழுத்தியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. மடக்கும்போது குழாயின் எந்தப் பகுதி அசையாமல் இருக்க வேண்டும்?

“எது அசையாம இருக்கணும், குறிப்பு சார்?”

“நீங்க எதச் சொல்றீங்களோ அது, சார்.”

மாப்பிள்ளை மவுஸை நகர்த்தினார். குழாயின் நுனியில், முதல் வெட்டுக்கு முன்னால், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு துண்டு இருந்தது. கைக்கு எட்டிய தூரத்தில் அதுதான் இருந்ததால் அதையே அழுத்தினார். சாஃப்ட்வேர் ஆட்சேபிக்கவில்லை. ஒரு சாண் இரும்பு அந்தரத்தில் அசையாமல் நிற்க, மீதிப் பன்னிரண்டே முக்கால் அடி இரும்பு எழுந்தது, வானத்தில் அரைவட்டம் அடித்தது, திரும்பி வந்து நாற்காலியாக நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரையில் சுவர் இல்லை, கூரை இல்லை, ஒருவர் தலையும் இல்லை. இரும்புக்கு வேண்டிய சுதந்திரம் முழுவதும் அங்கே இருந்தது.

அந்தக் காட்சியை அப்படியே படமெடுத்து, வாங்குகிறவர்களுக்கான விளக்கத் தாளும் தயாரானது. முதல் வரி: “குழாயின் சிறிய நுனியை அசையாமல் பிடித்துக்கொண்டு, மீதியைத் தொண்ணூறு டிகிரி திருப்பவும்.” ‘மீதி’ என்ற அந்த அடக்கமான சொல்லைப் போட்டது நான்.

முதல் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை. முதலாளி, மாப்பிள்ளை, அக்கா, நான். திரையில் நாற்காலி மூன்று முறை மடங்கியது. மூன்று முறையும் கைதட்டினோம். நாலாவது முறைக்கு முன் மாப்பிள்ளைக்கு போன் வர, அவர் பேசிக்கொண்டே வெளியே போனார். அக்கா தொண்டையைச் செருமினார்.

“ஐயா, இது தலகீழா இருக்கே. சின்னதப் புடிச்சுக்கிட்டு நீளத்த ஆட்டுன்னு சொல்லுது. நீளத்தத் தரையில போட்டுட்டு சின்னத ஆட்டினா போதுமே. அதுல எங்கயோ ஒரு எடத்த மாத்தி அமுக்கினா எல்லாம் சரியாயிடும்.”

முதலாளி முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவர். அவர் வாயைத் திறந்தார். கதவைப் பார்த்தார். வாயை மூடினார்.

“பாத்துக்கலாம்மா” என்றார்.

மாப்பிள்ளை திரும்பி வந்தார். நான் பேனாவைத் திறந்தேன். பேசியதை எல்லாம் எழுதுகிறவன் வெறும் எழுத்தன். பேசியிருக்க வேண்டியதை எழுதுகிறவன்தான் ஆவணப் பொறுப்பாளர். “மாப்பிள்ளை அவர்களின் வடிவமைப்பு ஒருமனதாகப் பாராட்டப்பட்டது” என்று முடித்துக் கையெழுத்து வாங்கினேன்.

அடுத்த வாரம் லேசர் கடையிலிருந்து முதல் குழாய் வந்தது. ஒவ்வொரு வெட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று முதல் எட்டு வரை எண் பொறித்து, பார்க்கவே லட்சணமாக இருந்தது. அலுவலக அறையில் சோதனை. அறை பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி. குழாய் மூலைக்கு மூலை கிடந்தால்தான் அடங்கியது. நான் நுனியைப் பிடித்துக்கொண்டேன். மறுமுனையை முதலாளி பிடித்தார். முதல் மடிப்பு பக்கவாட்டில். முதலாளி நடக்க நடக்க, குழாய் மேஜை மேலிருந்த கோப்புகளைத் திரட்டியது, தண்ணீர் கேனைச் சாய்த்தது, பீரோவை முட்டி நின்றது.

“பீரோவ யாரு அங்க வெச்சது?” என்று முதலாளி கர்ஜித்தார்.

“நீங்கதான் ஐயா, பட்டறை ஆரம்பிச்ச அன்னைக்கு வெச்சதா சொல்லுவீங்க” என்றேன்.

பீரோ அகற்றப்பட்டது. இரண்டாவது மடிப்பு மேல்நோக்கி. பத்தடி இரும்பு கம்பீரமாக எழுந்து ட்யூப்லைட்டைச் சந்தித்தது. கண்ணாடித் தூள் எங்கள் தலையில் பூப்போல் உதிர்ந்தது. மாப்பிள்ளை திடுக்கிட்டு, “மாமா, டிசைன்ல ஏதாவது…” என்று ஆரம்பித்தார்.

“சேச்சே! டிசைன் பிரமாதம் மாப்பிள்ளை. கூரைதான் தாழ்வு.”

இரண்டாம் கூட்டத்தின் தீர்மானம்: “கூரை ஒத்துழைக்கவில்லை.” இரண்டாம் சோதனை சாமான் கிடங்கில். அங்கே இன்னொரு ட்யூப்லைட் போனது. மூன்றாம் கூட்டத்தின் தீர்மானம்: “கிடங்கும் ஒத்துழைக்கவில்லை.” மாப்பிள்ளை இரண்டு நாள் யோசித்து, திரையில் குழாயின் நிறத்தைச் சாம்பலிலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றினார். அதற்கும் நாலாம் கூட்டம் கூட்டிப் பாராட்டுத் தீர்மானம் போட்டோம். மூன்றாம் சோதனை திறந்த முற்றத்தில், மூன்று பேர், நாற்பது நிமிடம். பக்கத்துக் கட்டடத்துத் துணிக்கொடி ஒன்று அறுந்ததைத் தவிர வேறு சேதம் இல்லாமல் நாற்காலி பிறந்தது. “மாபெரும் வெற்றி” என்று ஐந்தாம் கூட்டத்தில் எழுதினேன். விளக்கத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: “மடக்கும் முன் சுற்றுப்புறத்திலுள்ள உயிரினங்களை அப்புறப்படுத்தவும்.”

இந்தச் சமயத்தில்தான் அந்தத் துரதிர்ஷ்டமான சம்பவம். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்து பார்த்தால், பட்டறையின் மூலையில் ஒரு நாற்காலி. எட்டு மடிப்பும் கச்சிதமாக, இரண்டு நுனியும் கவ்விக்கொண்டு. அதன் மேல் ஒரு பலகை. பலகை மேல் அக்காவின் சாப்பாட்டு டப்பா. கூரையில் ஒரு கீறல் இல்லை.

“யாரு மடக்குனது?” என்றார் முதலாளி.

“நான்தான் ஐயா. உக்கார எடமில்ல. நாலு நிமிஷ வேல.”

“நாலு நிமிஷமா? அனுமதிக்கப்பட்ட முறையில நாற்பது நிமிஷம் ஆகுதே!” என்றேன் நான்.

“அதத்தான் சார் நானும் சொல்றேன்.”

வாசலில் மாப்பிள்ளையின் பைக் சத்தம் கேட்டது. முதலாளி பதறிப்போய் அந்தச் சட்டவிரோத நாற்காலியைத் தன் கையாலேயே நேராக்கினார். மடக்கிய தகடு திரும்ப நிமிர்ந்தால் விட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரியாததா? நாலாவது மடிப்பில் பட்டென்று இரண்டாக உடைந்தது. இரண்டு துண்டையும் கிடங்கில் ஒளித்தோம்.

அன்றே அக்காவுக்கு ஒரு குறிப்பாணை கொடுக்கப்பட்டது. எழுதியது நான்தான், நன்றாகவே வந்திருந்தது. “வடிவமைப்பு பற்றிச் சொல்லாலோ செயலாலோ இனி எந்தக் கருத்தும் தெரிவிக்கக் கூடாது. மீறினால் அன்றோடு பணி முடிவுக்கு வரும்.” அக்கா அதை இரண்டு முறை படித்தார். அவர் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள்.

“குறிப்பு சார், நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?”

“தப்பா சொல்லியிருந்தா பரவாயில்ல அக்கா. சரியா சொன்னதுதான் சிக்கல்.”

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மூன்று வாரம் பட்டறையில் அவர் வாயிலிருந்து ‘ஆமா’ தவிர வேறு வார்த்தை வரவில்லை.

பிறகு நூலகர் அம்மா வந்தார். அவருடைய நூலகத்தில் புதிதாக ஒரு படிப்பறை கட்டியிருந்தார்கள். நூற்றிருபது நாற்காலி வேண்டும், மாடிக்குக் குறுகலான படி, அதனால் மடக்காத குழாயாகவே ஏற்றி, மேலே மடக்க வேண்டும். எங்களுக்காகவே பிறந்த ஆர்டர். பட்டறைக்கு ஆறு வாரமாக வேறு வேலை இல்லை. எல்லோரும் மடிக்கும் ஆராய்ச்சியில் இருந்துவிட்டோம். இந்த ஆர்டர் வராவிட்டால் ஃபிட்டிங் பிரிவை, அதாவது அக்காவை, நிறுத்த வேண்டிவரும் என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். ஆக, அக்கா வாயைத் திறந்தாலும் வேலை போகும், நாற்காலி மடங்காவிட்டாலும் வேலை போகும்.

முற்றத்தில் செய்துகாட்டலாம் என்று ஆறாம் கூட்டத்தில் ஏற்பாடு. பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

“உள்ளயே பாத்துடலாமே” என்றார் நூலகர் அம்மா. “எங்க படிப்பறைக்கும் கூரை இருக்கு.”

“நாங்க மூணு பேர் சேந்து மடக்கிக் காட்டறோம்மா” என்றார் முதலாளி.

“நீங்க எதுக்கு? வாங்கறவங்களே மடக்கலாம்னு தானே போட்டிருக்கீங்க? நானே பாக்கறேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கத் தாளை ஒரு வரி விடாமல் படித்தார். உயிரினங்கள் பற்றிய வரியில் சற்று நின்று எங்களைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையிடம், “தம்பி, நீங்க அந்தச் சின்ன நுனியப் புடிங்க. நான் மீதியத் திருப்பறேன்” என்று குழாயின் மறுகோடிக்குப் போனார். அறுபது வயதை நெருங்குகிற அம்மாள். கைகளில் பதின்மூன்றடி இரும்பு. ஒரு பக்கம் புத்தம் புதிய கம்ப்யூட்டர், மறுபக்கம் கண்ணாடித் தடுப்பு, தலைக்கு மேலே மூன்றாவது ட்யூப்லைட்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அக்கா முதலாளியைப் பார்த்தார். அவரும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நூலகர் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயைத் தூக்கினார்.

“அம்மா, இருங்க!”

மூன்று வாரத்துக்குப் பிறகு அக்காவின் குரல். குறிப்பாணையின் நகலை எங்கே வைத்தேன் என்றுதான் முதலில் யோசித்தேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

“அதத் தூக்காதீங்க. நீளத்தத் தரையில வெச்சிருங்க, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். தம்பி கையில இருக்கற சின்னத் துண்ட மட்டும் மடக்குங்க. அப்புறம் அந்தப் பக்கத்து நுனி. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி உள்ள வாங்க. கடைசியா நடுவுல ரெண்டு.”

நூலகர் அம்மா குழாயை இறக்கிவிட்டு, மாப்பிள்ளை பக்கம் வந்து தரையில் குந்தினார். பாயின் ஓரத்தை மடிக்கிற மாதிரி ஒரு சாணை மடக்கினார். அந்த நுனி, இந்த நுனி, அந்தப் பக்கம், இந்தப் பக்கம். நடு மடிப்புகளுக்கு அக்கா ஒரு கை கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நுனிகள் டக்கென்று கவ்விக்கொண்டன. பலகையைப் போட்டு, உட்கார்ந்து, இரண்டு முறை அசைந்து பார்த்தார் நூலகர் அம்மா.

“ரொம்ப நல்லா இருக்கே! ஆமா, இந்தம்மா சொன்னத ஏன் தாள்ல போடல?”

முதலாளியும் நானும் மறுபடி கூரையைப் பார்த்தோம். நூலகர் அம்மா ஆர்டர் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு, மழை விட்டதும் கிளம்பிப் போனார்.

உடனே ஏழாம் கூட்டம் கூடியது. மாப்பிள்ளை முகம் சிவந்திருந்தது. அந்த நாற்காலியையே சுற்றிச் சுற்றி வந்தார். அன்றைக்கு அவர் தட்டை மறைத்த காட்சி முதலாளியின் கண்முன் ஓடியிருக்க வேண்டும். அவசரமாக எழுந்தார்.

“மாப்பிள்ளை, நீங்க வருத்தப்படாதீங்க. தப்பு எங்கன்னு எனக்குத் தெரியும். இவளுக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கு, ஆறு வாரமா வாயத் திறக்காம நின்னு வேடிக்க பாத்திருக்கா. இது துரோகம் இல்லையா? குறிப்பு சார், நோட்டீஸ் எழுதுங்க.”

“எழுதிட்டேன் ஐயா” என்றேன். நூலகர் அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, கூடப்போகிற கூட்டத்தையும் கணக்கில் சேர்த்து எழுதிவிட்டேன். எழுந்து நின்று வாசித்தேன். “உண்மையை நன்கு அறிந்திருந்தும், உரிய நேரத்தில் உரியவரிடம் தெரிவிக்காமல் ஏழு கூட்டங்களிலும் மறைத்து, அதன் மூலம் நிறுவனத்துக்கு இரண்டு ட்யூப்லைட், ஒரு தண்ணீர் கேன், ஒரு நாற்காலி, ஆறு வார உழைப்பு ஆகியவற்றை இழக்கச் செய்ததற்காக, உங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதற்கு நாளை காலைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.”

அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் குரல் உடையவில்லை.

“மொதல் மீட்டிங்லயே சொன்னேனே, தம்பி. நீங்க போன் பேசப் போயிருந்தீங்க. இவங்க ரெண்டு பேரும் இங்கதான் இருந்தாங்க.”

மாப்பிள்ளை முதலாளியைப் பார்த்தார். “மாமா, சொன்னாங்களா?”

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சொன்ன மாதிரியும் இருந்துச்சு மாப்பிள்ளை. குறிப்புல இருந்தாதானே சொன்னதா ஆகும்?”

“குறிப்பு நோட்டக் குடுங்க, சார்.”

கொடுத்தேன். மாப்பிள்ளை முதல் கூட்டத்தின் பக்கத்தைத் திருப்பி உரக்கப் படித்தார்: “வடிவமைப்புத் தலைவர் போன் பேசச் சென்றிருந்த இடைவெளியில் ஃபிட்டர் அக்கா அனைவருக்கும் தேநீர் வழங்கினார். அவருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது.”

“டீயா?” அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். “இங்க டீ மெஷின்ல இல்ல வருது? மெஷின் டீய நான் எதுக்குக் குடுக்கணும்? அதுவும் அன்னைக்கு மெஷின் ரிப்பேர். நான்தானே பிரிச்சுப் போட்டு வெச்சிருந்தேன்!”

பிறகு யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மாப்பிள்ளை சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். நாற்காலி தாங்கியது.

“ஏன் மாமா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா மவுஸ ஒரு தடவ அமுக்கி மாத்தியிருப்பேனே! நிறத்த மாத்தினதுக்கெல்லாம் கைதட்டினீங்களே, எனக்கே சந்தேகமா இருந்துச்சு. கேட்டா ‘பிரமாதம்’கறீங்க.”

“அன்னைக்கு சாப்பாட்டுல தட்ட மறைச்சீங்களே, உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான்…”

“அன்னைக்கு எனக்கு நெஜமாவே வயிறு சரியில்ல, மாமா.”

முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். மாப்பிள்ளை அக்காவிடம் போய், “அக்கா, எந்த எடத்த அமுக்கணும்னு வந்து காட்டுங்க. தாளையும் நீங்களே சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்” என்றார். அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் போய் நின்றார்.

நான் சத்தமில்லாமல் நோட்டை மூடி, அந்த நோட்டீஸைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன்.

“கிழிக்காதீங்க குறிப்பு சார்” என்று மாப்பிள்ளை திரும்பினார். வாங்கி, ஒரு முறை நிதானமாகப் படித்தார். “அருமையா எழுதியிருக்கீங்க. பேர் மட்டும்தான் மாத்தணும்.” பேனாவைக் கேட்டு வாங்கி, மேலே ‘ஃபிட்டர்’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘ஆவணப் பொறுப்பாளர்’ என்று எழுதினார். “மாமா, உங்களுக்கும் ஒரு காப்பி எடுக்கச் சொல்லட்டுமா?”

நோட்டீஸை வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தேன். அறிந்திருந்தும், தெரிவிக்காமல், ஏழு கூட்டங்களிலும், மறைத்து. ஒன்றும் மிகையில்லை, ஒன்றும் விடுபடவில்லை. ஒன்பது வருடத்தில் நான் எழுதியவற்றில் முழுக்க உண்மையான ஆவணம் அது ஒன்றுதான்.